இலையை ராத்திரியே நனைத்து வைக்கணும்

ஆடிட்டர் ஆபீஸில் வேலை செய்கிறவர்களுக்கு ஜனவரி 1 சுவரில் காலண்டரை மாற்றுகிற நாள், அவ்வளவுதான். எங்கள் வருஷம் ஏப்ரல் 1இல் பிறந்து மார்ச் 31இல் முடியும். ஆனாலும் பொங்கல் லீவுக்குக் குடியாத்தத்தில் வீட்டோடு இருந்தபோது, இந்த வருஷம் என்ன எழுதப் போகிறேன், எப்படி வாழப் போகிறேன் என்று நிதானமாக யோசிக்க நேரம் கிடைத்தது. யோசித்ததை இங்கே எழுதி வைக்கிறேன். நாலு பேர் கண்ணில் படுகிற இடத்தில் சொல்லிவிட்டால் நழுவ மனசு வராது.

எனக்கு 26 வயசு. வேலூரில் வேலை, குடியாத்தத்தில் வீடு. பஸ் கே.வி.குப்பம், காட்பாடி, விருதம்பட்டு வழியாக வந்து பாலாற்றுப் பாலத்தைத் தாண்டி வேலூருக்குள் நுழையும். சில கதைகள் சிற்றிதழ்களில் வந்திருக்கின்றன. தொகுப்பு எதுவும் இல்லை. இந்த வருஷம் ஒரு தொகுப்புக்கான கதைகளை எழுதி முடிக்க வேண்டும் என்பதுதான் முதல் ஆசை. பீடி சுற்றுகிற வீடுகளைப் பற்றிய கதைகள். அச்சுக்குப் போவது அடுத்த பேச்சு. டிசம்பரில் என் மேசைமேல் ஆறு கதைகள், இனி திருத்த ஒன்றுமில்லை என்ற நிலையில் இருந்தால் போதும்.

ஆறு கதைக்கு நேரம் எங்கிருந்து வரும்? மற்றவர்களுக்கும் பயன்படலாம் என்பதால் என் கணக்கை விவரமாகச் சொல்கிறேன். ஒவ்வொரு மாசமும் 7ஆம் தேதிக்குள் டிடிஎஸ், அதாவது பணம் கொடுக்கும்போதே பிடித்து வைத்த வருமான வரியை, கட்ட வேண்டும். 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, அதாவது கடைக்காரர்களின் விற்பனைக் கணக்கு. 20ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி, அதாவது ஜிஎஸ்டி வரி கட்டுகிற கணக்கு. இந்த மூன்று தேதிகளுக்கு நடுவே ஆபீஸில் தலை நிமிர முடியாது. கடைக்காரர்கள் கடைசி நாள் சாயங்காலம்தான் பில் கட்டைப் பையோடு கொண்டுவந்து கொட்டுவார்கள். வீடு வந்து சேரும்போது கண் எரியும். அந்த இரண்டு வாரத்தில் புதுக்கதை தொடங்குவேன் என்று எழுதி வைப்பதில் அர்த்தமே இல்லை. ஆனால் 21ஆம் தேதியிலிருந்து அடுத்த மாசம் 6ஆம் தேதி வரைக்கும் மூச்சுவிட இடம் இருக்கிறது. புதுசாக எழுதுவதெல்லாம் அந்த நாட்களில். 7 முதல் 20 வரை ஏற்கெனவே எழுதியதைத் திரும்ப எழுதுவது, படிப்பது, பஸ்ஸில் நோட்டில் குறிப்பது மட்டும்.

வருஷத்தையும் இப்படியே பிரித்தேன். சம்பளக்காரர்களின் வருமான வரிக் கணக்குக்கு வழக்கமாக ஜூலை 31தான் கடைசி. தணிக்கை அறிக்கைக்கு செப்டம்பர் 30. அதனால் ஜூலையும் செப்டம்பரும் எழுத்துக்கு இல்லாத மாசங்கள். அவற்றை முதலிலேயே அடித்துவிட்டேன். தினமும் ஆயிரம் வார்த்தை எழுதுவேன் என்கிற மாதிரியான லட்சியங்கள் நல்லவைதான். ஆனால் அவை ஒரு நாளைப் போலவே இன்னொரு நாளும் இருக்கிறவர்களுக்கு. மாசக் கடைசியில் சம்பளம் வாங்குகிற, தேதி பார்த்து உழைக்கிற நம்மைப் போன்றவர்கள் முதலில் தேதிகளை மேசைமேல் பரப்பிப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆபீஸ் வேலையும் எழுத்தும் ஒத்துப்போகாது என்று சொல்கிறவர்கள் உண்டு. நான் அதை ஏற்பதில்லை. எங்கள் வட ஆர்க்காட்டு மண்ணின் மு.வரதராசன் பேராசிரியர் ஆவதற்கு முன்னால் திருப்பத்தூர் தாலுகா ஆபீஸில் கிளார்க்காக இருந்தவர். தமிழைத் தானாகவே படித்து வித்துவான் தேர்வு எழுதியவர். காட்பாடி தாண்டும்போது பஸ்ஸில் நோட்டை எடுக்கிற சில நாட்களில் அவர் நினைவுக்கு வருவார்.

அம்மா முப்பது வருஷத்துக்கு மேலாக பீடி சுற்றுகிறார். குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கம் தெருவுக்குத் தெரு திண்ணையில் முறத்தோடு பெண்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். வெளியூர்க்காரர்களுக்குக் குடியாத்தம் என்றால் கைலியும் தீப்பெட்டியும் நினைவுக்கு வரும். 1954 இடைத்தேர்தலில் காமராஜர் இங்கே நின்று ஜெயித்ததைப் பெரியவர்கள் சொல்வார்கள். எனக்குக் குடியாத்தம் என்றால் புகையிலைத் தூளின் நெடிதான். பள்ளிக்கூடச் சீருடையிலும் அந்த நெடி இருக்கும்.

வேலை எப்படி நடக்கும் என்றால், இலையையும் தூளையும் ஏஜெண்ட் எடை போட்டுக் கொடுப்பார். இலை இங்கே விளைவதில்லை. மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசா காடுகளிலிருந்து வருகிறது. அதை நனைத்து, ஈரச் சாக்கில் சுற்றி, பதமாக வைத்து, தகட்டை மேலே வைத்துக் கத்தரியால் வெட்டி, தூள் போட்டுச் சுற்றி, நுனியை மடக்கி, நூலால் கட்ட வேண்டும். கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று. சரியில்லாததை ஏஜெண்ட் ஒதுக்கிவிடுவார். அதற்குக் கூலி கிடையாது. இலை குறைந்தாலும் சுற்றுகிறவள் தலையில்தான் விழும். 1976இல் வந்த பீடித் தொழிலாளர் நல நிதிச் சட்டத்தின்படி அம்மாவுக்கு அட்டை உண்டு. அந்த அட்டையில் கிடைத்த உதவித்தொகையில்தான் நான் நோட்டு, புத்தகம் வாங்கினேன். நான் எழுதுகிற முதல் நோட்டே அம்மாவின் விரலில் இருந்து வந்தது என்பதை நான் மறக்க விரும்பவில்லை.

எழுத்துப் பழக்கத்தைப் பற்றி எத்தனையோ பேர் எழுதியதைப் படித்திருக்கிறேன். எனக்கு ஒட்டியது அம்மா சொன்னதுதான். "ராத்திரியே இலைய நனச்சி வச்சிட்டா காலைல கை தானா போயி குந்தும். காலைல எய்ந்து நனைக்கலாம்னு உட்டா அன்னிக்கி வேல ஆவாது." நனைத்த இலை காத்திருக்காது. காய்ந்தால் ஒடியும், அதிகம் ஊறினால் கெடும். அதனால் காலையில் உட்கார்ந்தே ஆகவேண்டும். நான் இப்போது அதைத்தான் செய்கிறேன். ராத்திரி படுக்கும் முன் அடுத்த நாள் எழுதவேண்டிய காட்சியின் முதல் வரியை மட்டும் எழுதிப் பாதியில் விட்டுவிடுவேன். காலை ஐந்து மணிக்கு வெற்றுத் தாளின் முன்னால் உட்கார்வது வேறு, பாதி வாக்கியத்தின் முன்னால் உட்கார்வது வேறு. இந்தப் பழக்கம் இந்த வருஷம் முழுக்க நிற்க வேண்டும்.

வேலூர் என்றதும் எல்லாரும் கோட்டையைப் பற்றி எழுதச் சொல்கிறார்கள். நியாயம்தான். 1806 ஜூலை 10, புதுத் தலைப்பாகையும், நெற்றிக்குறி, தாடி பற்றிய உத்தரவுகளும் பொறுக்காமல் சிப்பாய்கள் எழுந்த ராத்திரி. ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேய அதிகாரி கில்லஸ்பியின் குதிரைப்படை வந்து சேர்ந்த காலை. அதற்கு இரண்டு நூற்றாண்டு கழித்தும் அந்த அகழி ஓரம் நடக்கும்போது மனசு கனக்கும். கோட்டைக்குள் இருக்கிற ஜலகண்டேஸ்வரர் கோயில் சாமி இல்லாமல் வெகுகாலம் கிடந்து, 1981இல் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கத்தைக் கொண்டுவந்து வைத்த கதையைத் தாத்தா சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆஸ்பத்திரியைத் தேடி வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் வந்து லாட்ஜுகளில் தங்கிச் சமைத்துச் சாப்பிடும் குடும்பங்களைப் பற்றி எழுதச் சொல்கிறவர்களும் உண்டு. எல்லாமே எழுத வேண்டியவை. ஆனால் இந்த வருஷம் இல்லை. எனக்கு உள்ளும் புறமும் தெரிந்தது திண்ணைதான். அதை எழுதாமல் கோட்டைக்குள் போனால் நான் சுற்றுலா வந்தவளாகத்தான் இருப்பேன்.

தெரியும் என்று சொல்லிவிட்டேன். அந்தத் திண்ணையிலும் தெரியாதது நிறைய இருக்கிறது. அம்மா முதல் முறை எந்த வயசில் முறத்தை மடியில் வைத்தார், யார் கற்றுக்கொடுத்தார், ஏஜெண்டிடம் முதல் முறை எதிர்த்துப் பேசியது யார், அன்றைக்கு என்ன ஆனது. இதெல்லாம் கேட்டு எழுதவேண்டும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மா சுற்றும்போது பக்கத்தில் உட்கார்ந்து இலை வெட்டிக்கொண்டே கேட்பது என்று முடிவு. கை வேலையில் இருக்கும்போதுதான் அம்மாவுக்குப் பேச்சு வரும். ஃபோனில் ரெக்கார்டு போட்டால் குரல் மாறிவிடுகிறது. அதனால் கேட்டுவிட்டு உள்ளே போய் எழுதிக்கொள்கிறேன். "இதுல இன்னா கத கீது? எல்லாப் பொம்பளையும் சுத்துறதுதான?" என்பார். எல்லாரும் சுற்றுவதுதான். அதனால்தான் எழுத வேண்டும்.

எந்தத் தமிழில் எழுதுவது என்பதிலும் இந்த வருஷம் ஒரு உறுதி எடுத்திருக்கிறேன். சினிமாவில் எங்கள் பேச்சு ரவுடிக்கும் சிரிப்புக்கும்தான் பெரும்பாலும் வருகிறது. பள்ளிக்கூடத்திலும் அப்படிப் பேசாதே என்றுதான் திருத்தினார்கள். ஆனால் என் தெருவில் பெண்கள் இந்தப் பேச்சில்தான் ஒப்பாரி வைக்கிறார்கள், கூலிக்கணக்குப் போடுகிறார்கள், பிள்ளையைக் கொஞ்சுகிறார்கள். என் கதையில் வருகிறவர்கள் துக்கத்தையும் இதே பேச்சில் பேசவேண்டும்; படிக்கிறவருக்குச் சிரிப்பு வரக்கூடாது. அதற்குக் காது கூர்மையாக வேண்டும். கரிசலுக்கும் கொங்குக்கும் நடுநாட்டுக்கும் எழுத்தாளர்களே உட்கார்ந்து வட்டாரச் சொல்லகராதி தொகுத்திருக்கிறார்கள். நான் அவ்வளவு பெரிய வேலைக்குப் போகவில்லை. பஸ்ஸில், சந்தையில், திண்ணையில் கேட்டதை யார் சொன்னார்கள், எந்த ஊர், எதற்காகச் சொன்னார்கள் என்பதோடு ஒரு நோட்டில் எழுதுகிறேன். வாணியம்பாடி, ஆம்பூர் பக்கத்து உருதுக் கலப்பும், குடியாத்தத்தில் பார்டர் தாண்டி வருகிற தெலுங்குக் கலப்பும் ஒன்றில்லை. அந்த வித்தியாசம் கதையில் தெரியவேண்டும்.

படிப்புக்கு எண்ணிக்கை வைக்கவில்லை. வருஷத்துக்கு ஐம்பது புத்தகம் என்று எண்ணத் தொடங்கினால் மெலிசான புத்தகமாகத் தேடுவோம். பிடித்த சிறுகதை ஒன்றை எடுத்துக் கையால் பிரதி எடுப்பது என்று வைத்திருக்கிறேன். எழுதியவர் எங்கே நிறுத்தினார், எதைச் சொல்லாமல் விட்டார் என்பது கண்ணால் படிக்கும்போது தெரிவதைவிடக் கையால் எழுதும்போது நன்றாகத் தெரிகிறது. இன்னொன்று, 1881இல் ஆர்தர் காக்ஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி தொகுத்த வட ஆர்க்காடு மாவட்டக் கையேடு. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. நான் பிறக்கும் முன்பே, 1989இல், பழைய வட ஆர்க்காடு இரண்டாகப் பிரிந்துவிட்டது. 2019இல் அதில் ஒரு பகுதி வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று இன்னும் மூன்றாக ஆனது. முழு மாவட்டமாக இருந்தபோது ஆட்சியாளர் கண்ணுக்கு எங்கள் ஊர்கள் எப்படித் தெரிந்தன என்று பார்க்க வேண்டும். கணக்கு எழுதுகிறவளுக்குப் பழைய கணக்கைப் படிப்பதில் தனி ருசி உண்டு.

முதல் கதை குடியாத்தத்தில் சிரசுத் திருவிழா அன்று நடக்கிறது. வைகாசி 1, அதாவது மே நடுவில், கெங்கையம்மனின் சிரசு, அதாவது தலை, ஊர்வலமாக வரும். ஆந்திரா, கர்நாடகாவிலிருந்தெல்லாம் ஜனம் வரும். வழியெல்லாம் தேங்காய் உடைத்து ரோடு வழுக்கும். அன்றைக்கு எந்த வீட்டிலும் முறத்தைத் தொடமாட்டார்கள். தொடாவிட்டால் கூலி இல்லை. அதனால் முந்தின ராத்திரி கண் விழித்து இரண்டு நாள் வேலையையும் சேர்த்துச் சுற்றுகிற ஒருத்தி, விடிந்ததும் குளித்து மஞ்சள் புடவை கட்டிக்கொண்டு ஊர்வலத்துக்கு ஓடுகிறாள். தூக்கம் இல்லாத கண்ணுக்கு அம்மன் முகம் எப்படித் தெரியும்? அதுதான் கதை. மே மாசம் திருவிழாவைப் பார்த்துவிட்டுத்தான் கடைசிப் பகுதியை எழுதுவேன். நினைவிலிருந்து எழுதினால் சத்தம் சரியாக வராது.

பரிசு, விருது பற்றித் தோழி கேட்டாள். சாகித்ய அகாதெமி 2011 முதல் 35 வயசுக்குட்பட்டவர்களுக்கு யுவ புரஸ்கார் கொடுக்கிறது. உனக்கு இன்னும் ஒன்பது வருஷம் இருக்கிறது என்று கணக்கும் போட்டாள். கிடைத்தால் சந்தோஷப்படுவேன், அதில் என்ன வெட்கம். ஆனால் இந்த வருஷப் பட்டியலில் அதற்கு இடம் கொடுக்கவில்லை. கதை அனுப்புவது மட்டும் இருக்கிறது. முடிந்த கதையை மேசைக்குள் வைக்காமல் இதழுக்கு அனுப்பிவிட்டு, அவர்கள் பதில் வருவதற்குள் அடுத்ததைத் தொடங்கிவிட வேண்டும்.

வீட்டு விஷயம் இரண்டு. அம்மாவுக்கு இருமல் இருக்கிறது, முதுகு வலியும் உண்டு. மார்ச் வேலை முடிந்ததும் ஏப்ரலில் லீவு போட்டு முழுப் பரிசோதனைக்கு அழைத்துப் போகிறேன். நிறுத்திவிடும்மா, நான் சம்பாதிக்கிறேனே என்று சொல்லிப் பார்த்தேன். "உன் சம்பளம் உன்னுது, இது என்னுது" என்றார். அதற்கு மேல் என்னால் பேச முடியவில்லை. அந்தப் பணத்தில் யாரையும் கேட்காமல் பூ வாங்குகிறார், சீட்டு கட்டுகிறார், தங்கை பிள்ளைக்கு வளையல் போடுகிறார். நிறுத்தச் சொல்வதைவிட, திண்ணையில் முதுகு சாய ஒரு பலகையும், தூள் கொட்டும்போது மூக்கை மூட நல்ல துணியும் ஏற்பாடு செய்வதுதான் என்னால் ஆகக்கூடியது.

இரண்டாவது, ஸ்கூட்டி ஓட்டப் பழகுவது. எல்எல்ஆர் என்கிற பழகுநர் உரிமம் போட்டு முப்பது நாள் ஆனபிறகு லைசென்ஸ் டெஸ்டுக்குப் போகலாம். ஏப்ரலுக்குள் கையில் லைசென்ஸ் இருக்க வேண்டும். இதற்கும் எழுத்துக்கும் என்ன சம்பந்தம் என்றால், நிறைய இருக்கிறது. எங்கள் பக்கம் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் வைப்பார்கள். பங்குனியில் தொடங்கி ஆடி வரைக்கும் ஏதாவது ஒரு ஊரில் கொடி ஏறிக்கொண்டே இருக்கும். மத்தியானம் பிரசங்கியார் வில்லிபாரதத்தைப் பாடிப் பொருள் சொல்வார். ராத்திரி கூத்து, பத்து மணிக்குமேல் தொடங்கி விடியவிடிய. அர்ச்சுனன் தபசு மரம் ஏறும் நாளில் குழந்தை வரம் வேண்டிப் பெண்கள் கீழே காத்திருப்பார்கள். கடைசி நாள் படுகளத்தில் மண்ணால் துரியோதனனைப் படுக்கவைத்து, திரௌபதி கூந்தல் முடிந்து, சாயங்காலம் தீமிதி.

ஒரு ராத்திரி, இரண்டு ராத்திரி என்று துண்டுதுண்டாகப் பார்த்திருக்கிறேன். கொடியேற்றம் முதல் தீமிதி வரை ஒரு முழுப் பாரதத்தை ஒரே ஊரில் கேட்டதில்லை. இந்த வருஷம் கேட்கவேண்டும். பக்தியும் உண்டு, அதோடு தொழில் ஆசையும் உண்டு. கூத்தில் ஒரு பாத்திரம் வரும்போது இரண்டு பேர் திரை பிடிப்பார்கள். திரைக்குப் பின்னால் இருந்தே அவன் பாடுவான். முடி தெரியும், சலங்கை கேட்கும், முகம் தெரியாது. அப்புறம் திரை இறங்கும். கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் நீ யார் என்று கேட்பான். அந்த ஒரு பாட்டுக்குள் அவன் குலம், கோபம், வந்த காரியம் எல்லாம் வந்துவிடும். என் கதைகளில் ஆட்கள் உள்ளே வருவதற்கே இரண்டு பக்கம் ஆகிறது. இந்தக் கலைஞர்கள் அதை எப்படிச் செய்கிறார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கவேண்டும். கூத்துக்காரர்கள் வேஷம் போடும்போது பேச அனுமதித்தால் அந்த வரிகளையும் எழுதிக்கொள்ள ஆசை.

ஆனால் தேதி இடிக்கிறது. எங்களுக்குப் பக்கத்தில் சில ஊர்களில் ஆனி மாசத்தில் பாரதம். எனக்கு அது ஜூலை 31க்கு முந்தின நெருக்கடி. அதனால் சித்திரையில் வைக்கிற ஊராகத் தேடுகிறேன். மத்தியானப் பிரசங்கம் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான் கிடைக்கும். மற்ற நாட்களில் ஆபீஸ் முடிந்து வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு ராத்திரிக் கூத்துக்குப் போய், நடுவில் கொஞ்சம் தூங்கி, காலையில் திரும்பவேண்டும். அந்த நேரத்தில் பஸ் கிடையாது. ஒரு பெண் தனியாக ராத்திரியில் கிராமத்து ரோட்டில் போவதைப் பற்றி வீட்டில் இன்னும் பேசி முடியவில்லை. அம்மா தானும் வருவதாகச் சொல்லியிருக்கிறார், தபசு அன்றைக்கும் தீமிதி அன்றைக்கும் மட்டும். நடுவில் உள்ள ராத்திரிகளுக்கு வழி தேட வேண்டும். கே.வி.குப்பம், பேரணாம்பட்டு, பள்ளிகொண்டா பக்கம் எந்த ஊரில் இந்தச் சித்திரையில் கொடி ஏறுகிறது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கூடவே கூத்துப் பார்க்க வருகிற பெண்கள் நாலு பேர் இருந்தால் இன்னும் நல்லது.